எட்டாம் பக்கத்துக்கு அப்புறம்

ஓரத்துக் கரை மாறியிருக்கிறது. எட்டாம் பக்கம் வரைக்கும் கொடியும் பூவுமாகச் சுற்றி ஓடுகிற கரை, ஒன்பதாம் பக்கத்துக்கு வந்ததும் வெறும் ஒற்றைக் கோடாகி நிற்கிறது, அவ்வளவுதான் விஷயம், இதற்குப் போய் காலையிலிருந்து காப்பி கூட இறங்க மாட்டேன் என்கிறதே என்று தங்கபுஷ்பம் தன்னைத் தானே அதட்டிக்கொண்டாள். அச்சாபீஸில் கொடி அச்சு தீர்ந்து போயிருக்கும், கோட்டை எடுத்துப் போட்டிருப்பான், காலணாப் பாட்டுப் புத்தகம்தானே, கல்யாணப் பத்திரிகையா என்ன, என்று மனசு ஒரு பக்கம் சமாதானம் சொல்லும். சொல்லி முடிக்கிறதுக்குள் இன்னொரு பக்கம், கொடி அச்சு எப்படித் தீரும், அது என்ன உளுந்தா, ஒரு தடவை செய்து வைத்தால் ஆயிரம் பக்கத்துக்கு அடிக்கலாமே, என்று எழுந்து நிற்கும். சனிக்கிழமை மத்தியானம். தூத்துக்குடிக்குள்ளே உப்புக் காற்று வருகிற ஒரு தெருவில், சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் மடிக்கணினியும் மறு பாதியில் ஊறுகாய்ப் பாட்டிலும் சீப்பும் கரண்டு பில்லுமாக, அவள் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலை, அதோடு கூடவே இழுத்துக்கொண்டு வருகிற பிஎச்டி. அந்தக் காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்து ஊர் அழிந்தால், அழிந்த கதையைச் சிந்துப் பாட்டாகக் கட்டி, அச்சடித்து, சந்தையில் பாடி விற்பார்களாம். அந்த வெள்ளச் சிந்துகள்தான் அவள் ஆராய்ச்சி. அசல் புத்தகமெல்லாம் அவள் கையால் தொட்டதில்லை. எல்லாம் எங்கேயோ ஒரு நூலகத்தில் படம் பிடித்து இன்டர்நெட்டில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், புண்ணியவான்கள். அப்படிக் கிடைத்ததுதான் உலகம்மாளின் புத்தகம். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘வெள்ளக் கொடுமைச் சிந்து’, அதற்குக் கீழே ‘இஃது உலகம்மாள் இயற்றியது’. ஒரு பொம்பளை எழுதின வெள்ளச் சிந்து. அதைக் கண்ட அன்றைக்கு அவள் ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டாள்.

இப்போது அதே உலகம்மாள் புத்தகத்துக்கு இன்னொரு பிரதி கடல் தாண்டி ஒரு வெளிநாட்டு நூலகத்தில் இருப்பதாகக் காலையில் கண்டுபிடித்து, அதைத்தான் இறக்கிக்கொண்டிருந்தாள். வீட்டு வைஃபை நேற்றே படுத்துவிட்டது. செல்போனை ஜன்னல் கட்டையில் கம்பியோடு ஒட்டி வைத்தால்தான் சிக்னல் பிடிக்கும், அதிலிருந்து மடிக்கணினிக்கு இழுக்க வேண்டும். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டுகிற பச்சைக் கோடு நகருவதாகவும் தெரியவில்லை, நிற்பதாகவும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் நகராது, அடுப்பில் பால் வைத்த மாதிரி, என்று அவள் கண்ணைத் திருப்பி இங்கே இருக்கிற பழைய பிரதியையே மறுபடி திறந்தாள். எட்டாம் பக்கம். அடிப்பாகத்தைச் செல்லரித்திருக்கிறது, கடைசி நாலைந்து வரி இல்லை. பக்கத்தின் ஓரத்தில் ஒரு விரல். படம் பிடித்தவருடைய விரல், பணம் எண்ணுகிறவர்கள் போடுகிற ரப்பர் உறை மாட்டின விரல், ரோஸ் கலர். ஆணா பெண்ணா தெரியாது, பேர் தெரியாது, ஆனால் இந்த மூன்று வருஷத்தில் சொந்தக்காரர்கள் விரலை விட இந்த விரலைத்தான் அவள் அதிகமாகப் பார்த்திருக்கிறாள். பக்கத்தை அமுக்கிப் பிடித்து, எழுத்து வளையாமல் விழவேண்டுமே என்று எத்தனை அக்கறை. அந்த விரல் பக்கத்தைப் புரட்டியிருக்கிறது, அடுத்த படம் ஒன்பது, கரை மாறிவிட்டது. அந்த விரலுக்குத் தெரிந்திருக்குமோ. இப்படிக் குட்டிப் புத்தகங்களையெல்லாம் நாலைந்தாகச் சேர்த்து ஒரே அட்டைக்குள் தைத்து வைப்பது அந்தக் காலத்துப் பழக்கம், இது அவளுக்குத் தெரியாததல்ல, இரண்டாம் இயலில் அவளே ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். தைத்த கட்டு முழுவதையும் அப்படியே படம் எடுத்து, முதல் புத்தகத்தின் பேரை மட்டும் போட்டு ஏற்றியிருந்தால்? எட்டோடு உலகம்மாள் முடிந்து, முகப்புத் தாள் தொலைந்துபோன வேறு யாருடைய புத்தகமோ ஒன்பதில் ஆரம்பித்திருந்தால்? அச்சில் பக்க எண்ணும் கிடையாது, எல்லாம் படத்தின் எண்தான். மற்றவர்களுக்கெல்லாம் எழுதி எச்சரித்துவிட்டு நானே போய் விழுந்தேனா.

“புஷ்பம், சீலாவைக் கொழம்பு வைக்கவா, பொரிக்கவா?” என்று பின்னாலிருந்து பால்துரையின் குரல். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற மனுஷன், லீவு நாளில் மீன் அவர் பொறுப்பு, கிணற்றடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தார். “எதையாவது செய்யுங்க” என்றாள். “எதையாவதுன்னு ஒரு பலகாரம் எனக்குத் தெரியாதே.” “பொரிங்க, சாமி.” பொரித்தால் வாசனை மேஜை வரைக்கும் வரும், வரட்டும். ஒன்பதாம் பக்கம். ஒன்பதிலிருந்துதானே எல்லாம். அங்கேதானே அந்தத் தொட்டில் வருகிறது. வெள்ளத்தில் ஒரு தொட்டில் மிதந்து போகிறது, கரையில் தாய் நின்று கதறுகிறாள், ‘கட்டின சேலையில் தொட்டில் கட்டி வச்சேன், கயிறோடு போனாயே கண்மணியே’ என்று. முதல் தடவை படித்தபோது இதே நாற்காலியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டினாள், பின்பெஞ்சு வாயாடி ஒன்று கூட மூக்கை உறிஞ்சியது. நாலாம் இயலே இதை வைத்துத்தான். ‘தாய்மையின் குரலை ஒரு தாயால்தான் இப்படிப் பாட முடியும்’ என்று எழுதின வரிக்கு அவளுடைய கைடு, குழல்வாய்மொழி அம்மா, பக்கத்தில் இரண்டு டிக் போட்டிருந்தார்கள். அந்த அம்மா ஒரு டிக் போடுவதே கஷ்டம். அடுத்த வாரம் கருத்தரங்கு, அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது, வெளியூர்ப் பேராசிரியர்கள் எல்லாம் வருகிறார்கள், ‘ஒரு தாயின் வெள்ளச் சிந்து: தங்கபுஷ்பம் பால்துரை’ என்று அவள் பேர் நடுவில் இருக்கிறது. அது முடிந்த கையோடு ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும், இதற்கு மேல் நாள் நீட்டித் தரமாட்டார்கள் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். போன வருஷம் ஒரு பையன் வாய்மொழித் தேர்வில் நின்றபோது வெளித் தேர்வாளர் ஒரே ஒரு அடிக்குறிப்பைத் தொட்டு, இந்தப் பக்கத்தில் இது இல்லையே தம்பி என்று மெதுவாகத்தான் கேட்டார், அந்தப் பையன் முகம் வெளுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது, கையில் தண்ணீர் பாட்டிலை மூடத் தெரியாமல் மூடி மூடித் திறந்தான்.

செல்போன் அடித்தது. அடித்ததும் பச்சைக் கோடு செத்தது. “யாருங்க அது, இந்த நேரத்துல” என்று ஓடிப்போய் எடுத்தால் பால்துரையின் சித்தி, திருச்செந்தூரிலிருந்து. “சாப்பிட்டியா தாயீ?” “இனிதான் சித்தி.” “மணி என்னாச்சு, இன்னும் சாப்பிடாம கம்ப்யூட்டரையா கட்டிக்கிட்டு அழுத? அந்தப் படிப்பு முடியவே முடியாதா? எங்க தெருவுல ஒருத்தி டாக்டருக்குப் படிச்சா, அவ கூட முடிச்சு ஊசி போட ஆரம்பிச்சுட்டா.” “என்னுது ஊசி போடுத படிப்பு இல்ல சித்தி.” “பெறகு என்னத்துக்குத்தான் ஆகும்?” தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதோ வந்துட்டார் பேசுங்க என்று போனை நீட்டினால், மீன் கையோடு வந்த பால்துரை காதைத் தோளில் வைத்து அமுக்கிக்கொண்டு, பேசி முடிக்க ஒரு யுகம். கோடு முதலிலிருந்து. சரி, என்ன ஆகிவிடப் போகிறது, இறங்காமலே போனால்தான் என்ன. இறங்கவில்லை, பார்க்க முடியவில்லை, கிடைத்த பிரதியை வைத்து எழுதினேன் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. அந்த வெளிநாட்டு நூலகத்தைப் போய் யார் திறக்கப் போகிறார்கள், அதில் தமிழ்ப் புத்தகம் இருப்பதே அவளுக்கு இன்றைக்குக் காலையில்தான் தெரியும், அதுவும் வேறு எதையோ தேடப் போய். நிறுத்து என்று ஒரு பொத்தான் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பெருக்கல் குறி மாதிரி, சின்னதாக. அதன் மேல் அம்பைக் கொண்டு வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். எண்ணெய் காய்கிற சத்தம் கேட்டது, முதல் துண்டு விழுந்து சீறியது, அந்தச் சீறலில் கவனம் போய்த் திரும்பினால் கோப்பு இறங்கி முடிந்திருக்கிறது. மனுஷனுக்குத் தைரியம் வருவதற்கு முன்னாலேயே சில காரியம் நடந்துவிடும்.

திறந்தாள். இங்கே விரல் இல்லை, சுத்தமான படம், பக்கத்தில் அளவு பார்க்க ஒரு ஸ்கேல் வைத்திருக்கிறார்கள். அதே முதல் பக்கம், அதே உலகம்மாள். இரண்டு, மூன்று, கொடியும் பூவும் சுற்றி ஓடுகிறது, நாலு, ஐந்து. ஏழுக்கு வந்து கையை எடுத்துவிட்டு நெற்றியைத் துடைத்தாள். எட்டு. செல்லரிக்காத எட்டு. அவள் இத்தனை காலம் பார்க்காத அந்த நாலைந்து வரி முழுசாக இருந்தது, அதற்குக் கீழே ஒரு சின்னப் பூப்போட்டு, பூவுக்குக் கீழே ‘முற்றிற்று’. அடுத்த படம் வெறும் பின்னட்டை. அவ்வளவுதான் உலகம்மாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. பல்லைப் பிடுங்கின இடத்தை நாக்கு போய்த் தொடுகிற மாதிரி அந்த ‘முற்றிற்று’வையே தொட்டுத் தொட்டு வந்தது கண். அப்படியானால் தொட்டில் யாருடையது? அதையும் தேடவா வேண்டும். அதே நூலகத்தின் பட்டியலில் ‘வெள்ளம்’ என்று போட்டுத் தட்டினால் வரிசையில் மூன்றாவதாக நிற்கிறது, ‘வெள்ளப் புலம்பல்’, சுடலைமுத்துப் புலவர் இயற்றியது. மாதிரிக்கு ஒரு பக்கம் காட்டினார்கள். ஒற்றைக் கோட்டுக் கரை. ‘கட்டின சேலையில் தொட்டில் கட்டி வச்சேன்.’ சேலை கட்டாத சுடலைமுத்து. தாயால்தான் பாட முடியும் என்று எழுதினாயே புஷ்பம், ஒரு மீசைக்காரர் சந்தையில் நின்று நெஞ்சில் அடித்துப் பாடியிருக்கிறார், நீ மூக்கை உறிஞ்சியிருக்கிறாய். அதற்கு இரண்டு டிக்.

நல்லாத்தான் பாடியிருக்கிறார், பாவம், அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது. அழுகை என்றால் பொம்பளை என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள் எனக்கு. அழுகிற பக்கத்தைக் கண்டதும் இதோ பெண்குரல் என்று ஓடினேனே, அதற்கு முன்னால் எட்டுப் பக்கம் அந்த அம்மாள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாளே, அதை என்ன செய்தேன். ஆய்வேட்டைத் திறந்து பார்த்தாள். ஒரே வரிதான் எழுதியிருக்கிறாள்: ‘முதல் எட்டுப் பக்கங்கள் வழக்கமான முன்னுரை வருணனைகளாக அமைகின்றன.’ அமைகின்றனவாம். படித்தேனா நான் அதை? கண் ஓடியிருக்கும், தொட்டில் எப்போது வரும் என்று தாண்டிப் போயிருக்கும், விருந்து வீட்டில் பாயசத்துக்காகக் கூட்டு பொரியலை ஒதுக்குகிற பிள்ளை மாதிரி. இப்போது தாண்டுவதற்கு எங்கேயும் இடமில்லை. மூன்றாம் பக்கத்தைப் பெரிசாக்கினாள். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள், ராகம் தானாக வந்தது, அப்புறம் சத்தமாகவே:

“அரிசிக் கடைக்கார அண்ணாச்சி – உம்ம
ஆழாக்கும் வெள்ளத்தில் நனைஞ்சிருச்சோ
பருத்தித் துணியாகச் சுருங்கிடுச்சோ – அந்தப்
பித்தளைப் படியென்ன சேலைத்துணியோ”

அடுப்படியில் கரண்டி நின்றது. “இன்னொரு தடவ படி” என்றார் பால்துரை. படித்தாள். அவர் சிரித்த சிரிப்பில் புரை ஏறி, தலையைத் தானே தட்டிக்கொண்டு வெளியே வந்தார். “அளக்குத படி எப்படிளா சுருங்கும்? நல்லாக் கேட்டா. யாரு இது?” “உலகம்மா.” “அன்னைக்கு அழுதுகிட்டுக் கெடந்தாளே, அவளா?” “அவ அழலைங்க.” வாய் சொன்னதைக் காது கேட்டு, தங்கபுஷ்பம் மற்றப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஐந்தாம் பக்கத்தில் வெள்ளைக்காரத் துரை வருகிறார், ‘காலுறை நனையாமல் கரையில் நின்று கண்ணாடி துடைச்சிட்டுப் போனாரம்மா’. ஆறில் கஞ்சித் தொட்டி, யார் வீட்டுப் பெண்கள் முன்னால் நிற்பது என்று சண்டை. எட்டில், செல்லரித்துப் போயிருந்த அந்த வரிகளில், செத்தவர்களை எண்ணிவிட்டுக் கடைசியாகச் சொல்கிறாள், ‘அழுவதற்கு ஆளுண்டு அங்கங்கே – இந்த அநியாயம் கேட்கத்தான் ஆளில்லையே’. இந்த ஊரையும் வெள்ளம் சூழ்ந்த அந்த மார்கழி மழையில் இந்தத் தெருவே மொட்டை மாடியில் ஏறி நின்றது. யார் அழுதார்கள் அன்றைக்கு? ராத்திரி எங்காவது ஒரு மூலையில் அழுதிருப்பார்கள், அது வேறு. பகலெல்லாம் பொம்பளைகள் வாய் ஓயவில்லை. எதிர்வீட்டு அந்தோணியம்மாள் படகில் வந்தவனைப் பார்த்து, “ஏய், பிஸ்கட்டத் தூக்கித் தூக்கிப் போடுதியே, நாங்க என்ன கோயில் கொரங்கா? கையில குடுத்தா ஒன் படகு கவுந்திருமா?” என்று கேட்டதும், அவன் வெட்கப்பட்டுப் படகைச் சுவர் ஓரமாகத் திருப்பினதும், இடுப்பு நனைந்த நடுக்கத்திலும் மாடி முழுக்கச் சிரித்ததும் மறக்குமா. தங்கபுஷ்பமும்தான் சிரித்தாள். கீழே தன் வீட்டு அலமாரியில் பாதிக் குறிப்புகள் ஊறிக்கொண்டிருக்கும்போதே சிரித்தாள். வெள்ளத்தைத் தன் காலால் நின்று பார்த்தவள், பெண்குரல் எப்படி இருக்கும் என்று தெரியாமல் புத்தகத்தில் போய்த் தேடியிருக்கிறாள்.

ஆனால் யாருக்கும் தெரியாது. இன்னும் யாருக்கும் தெரியாது, அந்த நினைப்பு ஒரு பூனை மாதிரி மறுபடி வந்து காலில் உரசியது. தொட்டிலை அப்படியே வைத்துக்கொண்டு இந்த எட்டுப் பக்கத்தையும் சேர்த்து எழுதினால் என்ன, அழவும் செய்தாள் ஏசவும் செய்தாள் என்று. அழகாகக் கூட இருக்கும். அழகாக இருக்கும், சுடலைமுத்து போய்விடுவார், உலகம்மாளும் இவள் கட்டிவிட்ட பொம்மையாகிப் போவாள். நாளைக்கு எவளாவது ஒருத்தி, எந்த ஊரிலோ, இதே மாதிரி மீன் வாசனைக்கு நடுவே உட்கார்ந்து தங்கபுஷ்பத்தின் நாலாம் இயலைத் திறந்து, அதை நம்பி, அதன் மேல் இன்னொன்றைக் கட்டுவாள். அவளும் லீவு போடுவாள். அதுதான் பொறுக்கவில்லை. எழுந்து ஜன்னலிலிருந்து போனை எடுத்து, எண்ணைத் தட்டிவிட்டு, மணி அடிக்கிறபோதுதான் என்ன சொல்லப் போகிறோம் என்று யோசிக்கவில்லையே என்று உறைத்தது. “சொல்லு புஷ்பம்” என்றார்கள் குழல்வாய்மொழி அம்மா. பின்னால் குக்கர் விசில். “அம்மா, நாலாம் இயல் தப்பும்மா.” “எந்தப் பக்கம்?” “பக்கம் இல்லம்மா. இயல்.” விசில் நின்றது, யாரோ அடுப்பை அணைத்திருக்க வேண்டும். தங்கபுஷ்பம் கொடிக் கரையிலிருந்து ஆரம்பித்து, தைத்த கட்டு, செல்லரித்த எட்டு, கடல் தாண்டிய பிரதி, முற்றிற்று, சுடலைமுத்து என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். லைன் போய்விட்டதோ என்று “அம்மா” என்றாள். “இருக்கேன்” என்றார்கள். “அந்த ரெண்டு டிக் போட்டவளை இப்ப நான் ஏசிக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் இரு.” அப்புறம், “அழைப்பிதழ் போயிருச்சே.” “ஆமாம்மா.” “அங்கே நின்னு இதைச் சொல்லணும். நீதான் சொல்லணும். நான் முதல் வரிசையில உக்காந்திருப்பேன், அவ்வளவுதான் என்னால முடியும். சிலபேர் சிரிப்பாங்க.” “சிரிக்கட்டும்மா.” “நாள் நீட்டிக் கேக்கணும். தருவானான்னு தெரியாது. தரலைன்னா அபராதத்தைக் கட்டி மறுபடி பதிவு பண்ணணும், ஒரு வருஷம் போயிரும். யோசிச்சியா?” “இல்லம்மா. யோசிச்சா போன் பண்ணியிருக்க மாட்டேன்.” அதற்கு ஒரு சின்ன உறுமல், சிரிப்பு மாதிரி. “சரி. அந்த உலகம்மாதான் அழலைங்கியே, பெறகு என்னதான் செய்யுதா?” “ஏசுதாம்மா.” “யாரை?” “யாரையும் விடல.” “படி பாப்போம்” என்றார்கள் அந்த அம்மா, படித்தாள், படி சுருங்கின இடத்துக்கு வந்ததும் அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது, “மெதுவா, மெதுவா, மொதல்லருந்து” என்றார்கள்.

போனை வைத்தபோது காது சூடாக இருந்தது. ஒரு வருஷம் போகலாம், பேர் கெடலாம், சித்திக்குச் சொல்ல இன்னும் பதில் இல்லை, ஆனாலும் என்னவோ வெயிலில் காயப்போட்ட துணி மாதிரி உடம்பு லேசாகிக் கிடந்தது. நாலாம் இயலைத் திறந்து, தொட்டில் தொடங்கின இடத்திலிருந்து கடைசி வரை நீலமாகத் தேய்த்துப் பிடித்தாள். எத்தனை பக்கம் என்று பார்க்கவில்லை. அழித்துவிடவும் இல்லை, ‘சுடலைமுத்து’ என்று தனியாக ஒரு கோப்பு திறந்து அவருக்குரியதை அவரிடம் கொடுத்தாள், அவருக்கும் ஒரு நாள் வரும். மிஞ்சின வெள்ளைத் திரையில் அந்தக் கர்சர் குச்சி மட்டும் விட்டு விட்டு மின்னியது. “ஆறிப் போகுது, வாரியா இல்லையா?” என்று பால்துரை தட்டை மேஜையில் வைத்தார், ஊறுகாய்ப் பாட்டிலை ஒதுக்கி. வாரேன் என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்: ‘உலகம்மாள் அழவில்லை.’ படித்துப் பார்த்தாள். பிறகு அந்த வாக்கியத்தின் கடைசியில் சின்னதாக ஒன்று என்று எண் போட்டு, கீழே அடிக்குறிப்பில் ‘பக்கம் எட்டு’ என்று அடித்துவிட்டு, மீனைப் பிட்டாள்.